பின் பொருந்தினால் போதுமா?

உங்கள் வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின்னோ, ஷூ டப்பாவோ நிச்சயம் இருக்கும். அதற்குள் நான்கைந்து அடாப்டர்கள், இரண்டு மூன்று செல்போன் சார்ஜர்கள், எதற்காக வாங்கினோம் என்றே மறந்துபோன வயர்கள் எல்லாம் ஒன்றோடு ஒன்று சிக்கிக் கிடக்கும். வீட்டு மோடத்தின் அடாப்டர் என்றைக்காவது செத்துப் போனால் நாம் முதலில் கை வைப்பது இந்த டப்பாவில்தான். ஒவ்வொன்றாக எடுத்துச் செருகிப் பார்ப்போம். எது சரியாக உள்ளே போகிறதோ அதுதான் சரியான அடாப்டர் என்று முடிவு செய்துவிடுவோம்.

இந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் இந்த மாதம் பேசப் போகிறேன். பின் பொருந்துவது வேறு, மின்சாரம் பொருந்துவது வேறு. இரண்டும் ஒன்று என்று நாம் நம்புவதற்குக் காரணம் நம் அறியாமை மட்டும் அல்ல. பொருளைச் செய்பவர்களும் விற்பவர்களும் எண்களை நம் கண்ணில் படாத இடத்தில் வைத்திருக்கிறார்கள். பழுது அங்கேதான் தொடங்குகிறது என்பது என் கருத்து.

நான் சாப்ட்வேர் வேலையில் இருந்தாலும் படித்தது எலெக்ட்ரானிக்ஸ் எஞ்சினியரிங். அதனால் மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவில் யார் வீட்டில் எது சூடானாலும் "தம்பி, கொஞ்சம் வந்து பாருப்பா" என்று அழைப்பு வந்துவிடும். 2020-இல் வீட்டிலிருந்தே வேலை என்று ஆன பிறகு இந்த அழைப்புகள் இரட்டிப்பாகிவிட்டன. அப்படிப் பார்த்தவற்றிலிருந்து சில விஷயங்களைச் சொல்கிறேன்.

மூன்று எண்கள், ஒரு கணக்கு

முதலில் அடிப்படை. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு அழுத்தம். அதுதான் வோல்டேஜ். குழாயில் ஒரு நொடியில் ஓடும் தண்ணீரின் அளவு கரண்ட், அதாவது ஆம்பியர். குழாய் எவ்வளவு குறுகலோ அவ்வளவு தடை. அது ரெசிஸ்டன்ஸ், அளவு ஓம்.

வோல்டேஜை ஓமால் வகுத்தால் ஆம்பியர் வரும். வோல்டேஜை ஆம்பியரால் பெருக்கினால் வாட்ஸ் வரும். பத்தாம் வகுப்பில் நாம் எல்லோரும் படித்ததுதான். தேர்வுக்குப் பிறகு மறந்துவிட்டோம், அவ்வளவே.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வோல்டேஜை அடாப்டர் கொடுக்கிறது. எத்தனை ஆம்பியர் எடுத்துக்கொள்வது என்பதைச் சாதனம் முடிவு செய்கிறது. அடாப்டரில் 2 ஆம்பியர் என்று போட்டிருந்தால் அது 2 ஆம்பியரைப் பிடித்துத் தள்ளும் என்று பொருள் அல்ல. கேட்டால் 2 வரை தர முடியும் என்று பொருள். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். "ஆம்பியர் அதிகமா இருக்கு சார், எரிஞ்சுடும்" என்று பயப்படுவார்கள். ஆனால் வோல்டேஜ் மாறியிருப்பதைக் கவனிக்க மாட்டார்கள்.

ஒரு மோடம் போன கதை

எங்கள் பக்கத்து வீட்டு மாமா ஓய்வு பெற்றவர். அவருடைய வைஃபை ரூட்டரின் அடாப்டர் போய்விட்டது. கடைக்குப் போய்ப் பழைய அடாப்டரைக் காட்டி வேறொன்று வாங்கி வந்தார். "எல்லாம் ஒண்ணுதான் சார், பின் ஒரே சைஸ்தான்" என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். உண்மைதான், பின் ஒரே சைஸ்தான். ரூட்டர் ஒரு வாரம் ஒழுங்காக ஓடியது. பிறகு தொட முடியாத அளவுக்குச் சூடாகி நின்றுவிட்டது.

போய்ப் பார்த்தேன். ரூட்டரின் அடியில் 9 வோல்ட் என்று இருந்தது. புதிய அடாப்டரில் 12 வோல்ட். மாமா கேட்டார்: "பின் நல்லாத்தானே பொருந்துச்சு தம்பி? லைட்டும் எரிஞ்சுதே?" இந்தக் கேள்வியில் ஒரு தப்பும் இல்லை. பூட்டுக்குள் போகாத சாவி திறக்காது என்பதுதான் நமக்குத் தெரிந்த நியாயம். உள்ளே போன சாவி பூட்டையே உடைக்கும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

வட்டமான அந்தப் பின்னின் வெளி விட்டம் பெரும்பாலும் 5.5 மில்லிமீட்டர். அதே அளவுப் பின்னில் 5 வோல்ட், 9 வோல்ட், 12 வோல்ட் என மூன்று வகை அடாப்டர்களும் நம் வீடுகளில் இருக்கின்றன. சின்ன நெட்வொர்க் ஸ்விட்ச் என்றால் 5, பழைய ரூட்டர் என்றால் 9, ஃபைபர் மோடம், செட்டாப் பாக்ஸ் என்றால் 12 என்பது பொதுவாக நான் பார்த்தது. ஆனால் இதையும் நம்பிச் செருக வேண்டாம். சாதனத்தின் அடியில் எழுதியிருப்பதே இறுதித் தீர்ப்பு.

அடாப்டர் வாங்கும்போது நான்கு விஷயம் பாருங்கள்.

ஒன்று, அவுட்புட் என்ற வரியைப் படியுங்கள். இன்புட் என்ற வரியில் 100–240 வோல்ட் என்று இருக்கும். அது சுவருக்கான எண், சாதனத்துக்கு அல்ல.

இரண்டு, அவுட்புட் வோல்டேஜ் சாதனத்தில் எழுதியிருப்பதற்குச் சமமாக இருக்க வேண்டும். குறைந்தால் சாதனம் அடிக்கடி அணைந்து அணைந்து எரியும். கூடினால் மாமாவின் ரூட்டர் கதிதான்.

மூன்று, ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். குறையக் கூடாது. 1 ஆம்பியர் கேட்கும் சாதனத்துக்கு அரை ஆம்பியர் அடாப்டரைப் போட்டால் இம்முறை சூடாவது அடாப்டர்.

நான்கு, வட்டத்துக்குள் புள்ளி வைத்த ஒரு சின்னப் படமும் பிளஸ், மைனஸ் குறிகளும் இருக்கும். நடுப் பின்னில் எது வருகிறது என்று அது சொல்கிறது. ரூட்டர்களில் பெரும்பாலும் நடுவில் பிளஸ். கிடார் பெடல்கள் பலவற்றில் நடுவில் மைனஸ். வீட்டில் பாட்டு கற்றுக்கொள்ளும் பிள்ளை இருந்தால் இதைக் கண்டிப்பாகப் பாருங்கள்.

பல்லாவரம் சந்தையில் ஒரு பாடம்

வெள்ளிக்கிழமைகளில் கூடும் பல்லாவரம் சந்தையைத் தென்சென்னைக்காரர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. செடி, கோழிக்குஞ்சு, பழைய சைக்கிள், பழைய கம்ப்யூட்டர் பாகங்கள் என எல்லாம் கிடைக்கும். தரையில் விரித்த தார்ப்பாயில் அடாப்டர்கள் குவியலாகக் கிடக்கும். நான் போனால் கையில் ஒரு மல்டிமீட்டரோடு போவேன். ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண மீட்டர்தான்.

அந்தக் குவியலில் லேப்டாப் அடாப்டர்களே தனி ரகம். 18.5 வோல்ட், 19 வோல்ட், 19.5 வோல்ட், 20 வோல்ட் என நான்கு விதமாக இருக்கும். 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்றால் பெருக்கிப் பாருங்கள், 65 வாட்ஸ். அதே 19.5 வோல்ட், 4.62 ஆம்பியர் என்றால் 90 வாட்ஸ். 65 வாட்ஸ் கேட்கும் லேப்டாப்புக்கு அதே வோல்டேஜ், அதே பின் கொண்ட 90 வாட்ஸ் அடாப்டர் பொருந்தும். 90 வாட்ஸ் கேட்கும் லேப்டாப்புக்கு 65 வாட்ஸ் போதாது. சில கம்பெனிகளின் லேப்டாப்புகள் பின்னுக்குள் ஒரு மெல்லிய மூன்றாவது கம்பியை வைத்து அடாப்டரை அடையாளம் கேட்கும். அடையாளம் தெரியாவிட்டால் லேப்டாப் ஓடும், பேட்டரி மட்டும் ஏறாது. பேட்டரி போய்விட்டது என்று நினைத்துப் புதிதாக வாங்குபவர்கள் உண்டு. முதலில் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள்.

சந்தையை நான் குறை சொல்ல வரவில்லை. அங்கே குறைந்தபட்சம் எல்லாம் கண் முன்னால் கிடக்கிறது, எடுத்துத் திருப்பிப் படிக்கலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் அழகான அட்டையில் 'ஃபாஸ்ட் சார்ஜர்' என்று மட்டும் எழுதி விற்கப்படுபவைதான் எனக்குக் கவலை தருகின்றன. ஃபாஸ்ட் என்பது எத்தனை வாட்ஸ்?

டைப்-சி வந்தும் தீராத சிக்கல்

"இனி எல்லாம் டைப்-சி தானே, இந்தக் கவலையே வேண்டாமே" என்று நீங்கள் கேட்கலாம். பாதி உண்மை. டைப்-சி சார்ஜர் முதலில் 5 வோல்ட் மட்டுமே தரும். சாதனத்தோடு பேசி, அது கேட்டால் மட்டுமே 9, 15, 20 வோல்ட் என்று ஏறும். பவர் டெலிவரி எனப்படும் இந்த முறையில் 20 வோல்ட், 5 ஆம்பியர் என 100 வாட்ஸ் வரை கொடுக்க முடிந்தது. 2021-இல் வந்த திருத்தம் அதை 48 வோல்ட், 240 வாட்ஸ் வரை உயர்த்தியது. ஆகவே 65 வாட்ஸ் டைப்-சி சார்ஜரில் 18 வாட்ஸ் செல்போனைப் போட்டால் வெடித்துவிடும் என்ற பயம் தேவையில்லை. போன் தனக்கு வேண்டியதை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

ஆனால் இந்தப் பேச்சுக்கு முன்னால் நடக்கும் அறிமுகம் எப்படி நடக்கிறது தெரியுமா? சாதாரண ரெசிஸ்டர்களை வைத்துத்தான். ஒரு பக்கம் பழைய யு.எஸ்.பி., மறுபக்கம் டைப்-சி உள்ள கேபிளுக்குள் 56 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். "நான் பழைய போர்ட்டோடு இணைந்திருக்கிறேன், அளவோடு எடு" என்று அது சாதனத்துக்குச் சொல்கிறது. அதற்குப் பதில் 10 கிலோ ஓம் வைத்துவிட்டால் "3 ஆம்பியர் வரை எடுத்துக்கொள்" என்று பொருளாகிவிடும். அந்தக் கரண்டைத் தர முடியாத பழைய போர்ட்டோ சார்ஜரோ பாவம், வெந்துபோகும்.

இது கற்பனை அல்ல. கூகுள் நிறுவனத்தின் எஞ்சினியர் பென்சன் லியுங் 2015-இல் ஆன்லைனில் விற்கப்பட்ட டைப்-சி கேபிள்களைத் தன் சொந்த முயற்சியில் வாங்கிச் சோதித்து, எது சரி, எது தவறு என்று எழுதத் தொடங்கினார். பல கேபிள்களில் இந்த ரெசிஸ்டரே தவறாக இருந்தது. 2016 பிப்ரவரியில் அவர் சோதித்த ஒரு கேபிளில் ரெசிஸ்டரும் தவறு, உள்ளே வயர்களும் மாற்றி இணைக்கப்பட்டிருந்தன. அது அவருடைய லேப்டாப்பையே பழுதாக்கியது. அடுத்த மாதமே அமேசான், தரத்துக்கு உட்படாத டைப்-சி கேபிள்களை விற்கக் கூடாது என்று தன் விதியில் சேர்த்தது. தனி ஆள் ஒருவர் எண்களைப் பார்த்துச் சொன்னதால் ஒரு பெரிய கடை விதியை மாற்றியது என்பதை நினைவில் வையுங்கள்.

உங்கள் வீட்டிலேயே இதற்கு ஒரு சின்ன உதாரணம் இருக்கலாம். மலிவான டிரிம்மர், டார்ச், சின்ன ஃபேன் போன்றவை டைப்-சி துளையோடு வருகின்றன. கூடவே வந்த பழைய யு.எஸ்.பி. கேபிளில் சார்ஜ் ஏறும். இரு பக்கமும் டைப்-சி உள்ள நல்ல கேபிளில் போட்டால் ஏறாது. கேபிள் கெட்டுவிட்டது என்று நினைப்போம். உண்மையில் அந்தச் சாதனத்துக்குள் இருக்க வேண்டிய இரண்டு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைத் தயாரித்தவர் வைக்கவே இல்லை. சில பைசா மிச்சம் பிடித்ததன் விளைவு. சாதனம் தன்னை அறிமுகம் செய்துகொள்ளாததால் நல்ல சார்ஜர் கரண்ட் தர மறுக்கிறது. இங்கே தப்பு செய்யாதவர் சார்ஜர் மட்டும்தான்.

கேபிளின் சொந்தத் தடையையும் மறக்க வேண்டாம். மெல்லிய, நீளமான கேபிளில் போகவர அரை ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2 ஆம்பியர் ஓடினால் 1 வோல்ட் வயரிலேயே போய்விடும். 5 வோல்ட் சார்ஜரிலிருந்து போனுக்கு வருவது 4 வோல்ட். போன் உடனே கரண்டைக் குறைத்துக்கொள்ளும். "சார்ஜர் சரியில்லை, ராத்திரி முழுக்க போட்டும் ஏறலை" என்று சார்ஜரைத் திட்டுவோம். மாற்ற வேண்டியது கேபிளை.

பேட்டரியும் சிகரெட்டும்

ரெசிஸ்டன்ஸைத் தவறவிட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உலகம் பார்த்த உதாரணம் எலெக்ட்ரானிக் சிகரெட். நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, இருப்பு, விளம்பரம் அனைத்தையும் தடை செய்துவிட்டது. தமிழக அரசு அதற்கு முந்தைய ஆண்டே தடை விதித்தது. உடல்நலம்தான் முதல் காரணம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் இங்கே பார்ப்பது அதன் உள்ளே இருக்கும் மின்சுற்றை மட்டும்.

அது மிக எளிமையானது. ஒரு லித்தியம் செல், ஒரு கம்பிச் சுருள். 3.7 வோல்ட் செல்லில் 1.8 ஓம் சுருள் என்றால் ஏறத்தாழ 7.6 வாட்ஸ் சூடு. சுருளை 0.5 ஓமாக மாற்றினால் அதே செல்லில் 27 வாட்ஸுக்கு மேல் போய்விடும். இன்னும் தடை குறைந்த சுருளைப் போட்டால் கரண்ட் செல்லின் தாங்குசக்தியைத் தாண்டும். செல்லுக்கும் உள்ளே சொந்தத் தடை உண்டு. அதனால் சுருள் மட்டும் அல்ல, செல்லும் சேர்ந்து சூடாகும். சுருள் பொருந்துகிறது, செல் பொருந்துகிறது, ஆனால் எண் பொருந்தவில்லை. அமெரிக்க அரசின் தீயணைப்பு நிர்வாகம் 2017-இல் வெளியிட்ட அறிக்கை, 2009 முதல் 2016 வரை அந்நாட்டில் பத்திரிகைகளில் வந்த 195 எலெக்ட்ரானிக் சிகரெட் தீ விபத்து, வெடிப்புச் சம்பவங்களைக் கணக்கிட்டது. காயமடைந்தவர்கள் 133 பேர். எல்லாவற்றுக்கும் சுருளே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் லித்தியம் செல்லை அதன் அளவு தெரியாமல் கையாளுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இது போதும்.

நமக்கு ஏன் இது? அந்தக் கருவிகள் பலவற்றில் இருந்த அதே வகைச் செல், 18650 என்ற எண் கொண்டது, நம் வீட்டில் பவர் பேங்கிலும், பழைய லேப்டாப் பேட்டரியிலும், டார்ச்சிலும் இருக்கிறது. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். மறுபடியும் பாருங்கள், பெயரே அளவைத்தான் சொல்கிறது, திறனைச் சொல்லவில்லை! நல்ல கம்பெனிகளின் 18650 செல்கள் பொதுவாக 2000 முதல் 3500 மில்லி ஆம்பியர் ஹவர் வரை இருக்கும். சந்தையில் 9800 என்று அச்சிட்ட செல்லைப் பார்த்தால் அது பொய் என்று தயங்காமல் முடிவு செய்யலாம். கழற்றிய லேப்டாப் செல்களைக் கோர்த்து வீட்டிலேயே பவர் பேங்க் செய்யும் கல்லூரித் தம்பிகளுக்கும் இதே எச்சரிக்கை. ஆர்வம் நல்லது. ஒவ்வொரு செல்லின் வோல்டேஜும் தடையும் தெரியாமல், பாதுகாப்புச் சர்க்யூட் இல்லாமல் கோர்க்காதீர்கள்.

லோ வோல்டேஜ் இரவுகள்

இனி நம் ஊர்ப் பிரச்சினைக்கு வருவோம். பெருங்களத்தூர், முடிச்சூர், சேலையூர், மாடம்பாக்கம் என்று வீடுகள் பெருகிக்கொண்டே போகின்றன. ஏப்ரல், மே மாத இரவுகளில் எல்லா வீட்டிலும் ஏ.சி. ஓடும்போது எங்கள் பக்கம் வோல்டேஜ் இறங்குவதை என் மீட்டரிலேயே பார்த்திருக்கிறேன். 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸின் தடை ஏறத்தாழ 53 ஓம். 180 வோல்ட்டில் அது தருவது 612 வாட்ஸ் சூடுதான். சட்டை சுருக்கம் போகவில்லை என்றால் அயர்ன் பாக்ஸைக் குறை சொல்ல வேண்டாம்.

லேப்டாப், செல்போன் சார்ஜர்கள் இப்படி அல்ல. அவற்றின் இன்புட் 100–240 வோல்ட் என்று இருந்தால் 180-இல் முழு வாட்ஸையும் தரும். ஆகவே லேப்டாப்புக்கென்று தனி ஸ்டெபிலைசர் வாங்குவது வீண் செலவு. ஃப்ரிட்ஜ், ஏ.சி. போன்ற மோட்டார் உள்ளவற்றுக்கு வாங்குவதில் நியாயம் உண்டு.

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வாங்கும் யு.பி.எஸ்.ஸில் 600 வி.ஏ. என்று பெரிதாக இருக்கும். 600 வாட்ஸ் என்று நாம் எடுத்துக்கொள்வோம். அதே அட்டையின் ஓரத்தில் பெரும்பாலும் 360 வாட்ஸ் என்று சின்னதாக இருக்கும். நாம் பார்க்க வேண்டியது சின்ன எண்ணைத்தான். லேசர் பிரிண்டரை யு.பி.எஸ்.ஸில் மாட்டவே மாட்டாதீர்கள். அது சூடேறும் நேரத்தில் பல நூறு வாட்ஸ் இழுக்கும்.

எக்ஸ்டென்ஷன் போர்டும் அப்படியே. சின்னப் பின் சாக்கெட் 6 ஆம்பியர். 230-ஆல் பெருக்கினால் 1380 வாட்ஸ். கம்ப்யூட்டர், மானிட்டர், ரூட்டர், சார்ஜர்கள் எல்லாம் சேர்ந்தாலும் இதைத் தொடாது. ஆனால் அதே போர்டில் 1500 வாட்ஸ் கெட்டிலைச் செருகினால் அது ஒன்றே 6.5 ஆம்பியர். கரண்ட் இரண்டு மடங்கானால் வயரின் சூடு நான்கு மடங்காகும். போர்டில் ஐந்து துளை இருப்பதால் ஐந்தும் செருகலாம் என்று பொருள் ஆகாது.

எண்ணைப் பெரிதாக அச்சிடுங்கள்

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் ஒருவர் சார்ஜர் வாங்க வேண்டும் என்றால் அது நியாயமா? இல்லை என்பதே என் பதில். மாமாவுக்கு ஓம் விதி தெரிய வேண்டியதில்லை. ரூட்டரில் பெரிதாக '9 வோல்ட்' என்றும், அடாப்டரில் பெரிதாக '12 வோல்ட்' என்றும் இருந்திருந்தால் அவரே கண்டுபிடித்திருப்பார். எண்கள் அச்சிடப்படுகின்றன. கறுப்புப் பிளாஸ்டிக்கில், சாம்பல் நிறத்தில், எறும்பு அளவில் அச்சிடப்படுகின்றன. அறுபது வயதுக் கண்களுக்கு அது இல்லாததற்குச் சமம்.

நம் நாட்டில் விதிகளே இல்லை என்று சொல்ல மாட்டேன். மத்திய அரசின் 2012-ஆம் ஆண்டுக் கட்டாயப் பதிவு ஆணையின் கீழ் பின்னர் அடாப்டர்களும் பவர் பேங்குகளும் சேர்க்கப்பட்டன. அவற்றில் பி.ஐ.எஸ். முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் என்ற செல்போன் செயலியில் அந்த எண்ணைப் போட்டு யார் தயாரித்தது என்று பார்க்கலாம். 2023 ஜனவரியில் டைப்-சி தரத்தையும் பி.ஐ.எஸ். இந்தியத் தரமாக வெளியிட்டது. நல்ல முயற்சிகள்.

ஆனால் டைப்-சி என்பது துளையின் வடிவம். துளையை ஒன்றாக்கிவிட்டு எண்ணை மறைத்துவிட்டால் குழப்பம் கூடுமே தவிர குறையாது. முன்பாவது வேறு பின் உள்ளே போகாமல் நம்மைக் காப்பாற்றியது. இனி எல்லாமே உள்ளே போகும்.

ஐரோப்பிய யூனியன் இதை யோசித்திருக்கிறது. செல்போன் முதலியவற்றுக்கு 2024 டிசம்பர் 28 என்றும், லேப்டாப்புகளுக்கு 2026 ஏப்ரல் 28 என்றும் நாள் குறித்து டைப்-சியைக் கட்டாயமாக்கிய அதே சட்டம், சாதனத்துக்குக் குறைந்தது எத்தனை வாட்ஸ், அதிகபட்சம் எத்தனை வாட்ஸ் வேண்டும் என்ற படத்தைப் பெட்டியில் அச்சிடவும் சொல்கிறது. யு.எஸ்.பி. அமைப்பும் கேபிள்களுக்கு 60 வாட்ஸ், 240 வாட்ஸ் என்ற முத்திரைகளை 2021-இல் அறிவித்தது. நம் நாட்டிலும் டைப்-சியோடு சேர்த்து இந்த வாட்ஸ் முத்திரை கட்டாயமாக வேண்டும். சாதனத்தில், சார்ஜரில், கேபிளில், மூன்றிலும். அதுவும் கண்ணாடி போடாமல் படிக்கும் அளவில்.

"விலை ஏறிவிடும்" என்று சிலர் சொல்லக்கூடும். மை விலை எவ்வளவு ஏறிவிடப் போகிறது? மருந்துப் பட்டையில் காலாவதித் தேதி போடுவதால் மாத்திரை விலை ஏறியதாக யாரும் புகார் செய்யவில்லை. ஏறினால் ஏறட்டும் என்றும் சொல்வேன். மலிவு அடாப்டரில் மிச்சமாகும் சில நூறு ரூபாய், ஒரு ரூட்டர் போனால் அதோடு போய்விடுகிறது.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டிலுள்ள அந்த டப்பாவை எடுத்துக் கொட்டுங்கள். செல்போன் கேமராவில் பெரிதாக்கினால் எறும்பு எழுத்தும் படிக்க வரும். ஒவ்வொரு அடாப்டரின் அவுட்புட் எண்ணையும் வெள்ளை ஒட்டுத்தாளில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். எந்தச் சாதனத்துக்கு என்பதையும் எழுதுங்கள். எண்ணே இல்லாத அடாப்டர் இருந்தால் அதை வைத்துக்கொள்ள வேண்டாம். பழைய எலெக்ட்ரானிக் பொருட்களை எடுக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது "இந்தப் பின் இருக்கா?" என்று கேட்காதீர்கள். "12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் இருக்கா?" என்று கேளுங்கள். சண்முகம் சாலைக் கடைகளில் பத்துப் பேர் அப்படிக் கேட்டால் பதினோராவது ஆளுக்குக் கடைக்காரரே எண்ணைப் பார்த்து எடுத்துக் கொடுப்பார்.